பாலத்தடிக் கடைத்தெருவில் ஐந்து மணிப் பெரட்டு

பேராக் மாநிலத்துச் சிற்றூர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "ஈப்போவைத் தாண்டினால் பார்க்க என்ன இருக்கிறது?" எனக்குக் கோபம்தான் வருகிறது. ஈப்போவைத் தாண்டினால் பாலத்தடி இருக்கிறது. சாலைப் பலகையில் அதற்கு வேறு பெயர். சுற்றுவட்டாரத் தோட்டத்துத் தமிழர்கள் வாயில் அது பாலத்தடிதான். நான் முதன்முதலாக அங்கே போனது 1982 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஊர் பார்க்கப் போகவில்லை. என் பெரியம்மா மகள் தனம் அக்கா அங்கே துணிக்கடை வைத்திருந்தாள். பினாங்கில் நான் தட்டச்சு வேலை பார்த்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "விமலா, லீவு போட்டுட்டு வாடி. இந்த ஞாயித்துக்கெழம கூட்டம் வரலன்னா கடைய மூடறேன். அப்புறம் வந்து பாக்க ஒண்ணும் இருக்காது" என்றாள். மேலாளர் பக்கத்திலேயே நின்றதால், "சரி மேடம், அனுப்பி வைக்கிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். பாலத்தடிக் கடைத்தெருவில் இரண்டு வரிசையாக முப்பது கடைகள். அதில் பதினொன்று மூடிக் கிடந்தன. பஸ் நிலையத்தை அரை மைல் தள்ளிப் புதுக்கடை வரிசைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தோட்டங்களில் ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டாம். பாதிக் குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டன. மிச்சமிருந்தவர்கள் சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்துப் பெரிய ஊர்களுக்குப் போய் வாங்கினார்கள். அக்காவின் கணவர் செல்வராஜ் அத்தான் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டினார். வாடகை அறையில் தனியாக இருந்துகொண்டு, கடையை மூடிவிட்டு வா, வா என்று அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அக்கா அசையவில்லை.

கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். கடைக்காரர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை தெருவிலேயே ஒரு விழா நடத்துவது. கூட்டம் வந்தால் அக்கா இருப்பாள், வராவிட்டால் கிளம்புவாள். அதே ஞாயிற்றுக்கிழமை அத்தான் லோரியோடு வந்துவிடுவார். சாமான்களை ஏற்ற வேண்டியிருந்தால் கையோடு ஏற்றிவிடலாம் அல்லவா? விழா என்றால் பலூன் கட்டுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி ஃபெரியில் கடலைத் தாண்டி, பட்டர்வொர்த்தில் ஏழு மணிக்கு ஈப்போ பஸ். தைப்பிங், கோலகங்சார் வழியாகப் பழைய சாலையில் நான்கு மணி நேரம் பிடித்தது. கட்டணம் ஆறு வெள்ளிக்கு, அதாவது ஆறு ரிங்கிட்டுக்கு, கொஞ்சம் மேலே என்று ஞாபகம். ஈப்போ நெருங்கும்போது சுண்ணாம்பு மலைகள் சாலைக்கு இரண்டு பக்கமும் செங்குத்தாக எழுந்து நிற்கும். வலது பக்க ஜன்னலா இடது பக்கமா என்று சண்டை போட வேண்டாம், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் தெரியும். பஸ் நிலையத்தில் இறங்கி லகாட் சாலைப் பக்கம் நடந்து போய் வாழையிலைச் சோறு சாப்பிட்டேன். இரண்டு வெள்ளி. ரசம் சுமார்தான்.

பன்னிரண்டே காலுக்குத் தெலுக் இந்தான் பஸ். அந்த ஊரின் பெயர் மாறிக்கொண்டிருந்த காலம் அது. பலகையில் ஒன்று இருக்க, கண்டக்டர் "தெலுக் அன்சன், தெலுக் அன்சன்" என்று பழையதையே கூவினார். கம்பார், தாப்பா, பீடோர் தாண்டிக் கிட்டத்தட்ட எழுபது கிலோமீட்டரில் ஒரு முச்சந்தி வரும். அங்கே இறங்கினால் பாலத்தடிக்குப் பங்கு டெக்சி உண்டு, ஆளுக்கு ஐம்பது காசு. டெக்சிக்காரர் தமிழர். என் பையைப் பார்த்துவிட்டு, "எங்க தங்கச்சி, பாலத்தடிக்கா? யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, கடைத்தெருவுல விழா."

"கடைத்தெருவுலயா? அங்க நாயிதான் படுத்திருக்கும்லா" என்று சிரித்தார்.

ஆனால் தெருவுக்குள் போனால் நாயைக் காணோம். சாக்கடையைத் தூர் வாரியிருந்தார்கள். மூடிக் கிடந்த கடைகளின் கதவுகளில் பள்ளிப் பிள்ளைகளை விட்டுப் படம் வரையச் சொல்லியிருந்தார்கள். ஒன்றில் யானை, ஒன்றில் பச்சை நிறத்தில் விமானம். கோயிலில் இருந்து வண்ண விளக்குச் சரமும், பள்ளிவாசலில் இருந்து நாற்காலிகளும் இரவல் வந்திருந்தன. இதையெல்லாம் முன்னின்று செய்தவர்கள் மூன்று பேர். ஒன்று, அக்கா. இரண்டாவது, முனையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த அமீது நானா. மூன்றாவது, இரும்புச் சாமான் கடைக்காரரான ஆ செங். எல்லோருக்கும் அவர் தவுக்கே, முதலாளி என்று அர்த்தம். சிங்க நடனத்துக்கு ஆள் பிடித்தது தவுக்கேதான். தெருவின் நடுவில் மேடை போட்டு, ஒரு பள்ளித் தலைமையாசிரியரைச் சிறப்புரை ஆற்ற அழைத்திருந்தார்கள்.

விழாவுக்குப் 'பெரட்டு' என்று பெயர் வைத்தது அக்கா. தோட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகுமுன் தொழிலாளர்கள் எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்க, கங்காணியான தண்டல் பெயர் கூப்பிட்டு ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பார், வராதவர் பெயரை வெட்டிவிடுவார். அதுதான் பெரட்டு. "விழான்னு சொன்னா பேச்சுக் கச்சேரின்னு ஓடிருவாங்க. பெரட்டுன்னா வந்துதான் ஆகணும்லா" என்றாள் அக்கா. அவளே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பெயரில் எல்லோருக்கும் ஒரே குஷி.

நேரத்தைப் பற்றித்தான் பெரிய சண்டை நடந்திருக்கிறது. அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியிருந்தார்கள். சிலர் புது மணியில் இருந்தார்கள், சிலர் விடாப்பிடியாகப் பழைய மணியிலேயே இருந்தார்கள். ஐந்து மணி என்றால் எந்த ஐந்து மணி? ஒரு முழுச் சாயங்காலமும் இதற்காக உட்கார்ந்து பேசி, ஒவ்வொரு அறிவிப்பிலும் 'புது மணி' என்று அழுத்திச் சொல்வது என்று முடிவு செய்தார்களாம். அரை மணி நேரம்கூடப் பிசகக் கூடாது என்பதில் அத்தனை கவனம்.

சனிக்கிழமை மாலை, படக்கொட்டகைக்காரரின் ஒலிபெருக்கி வேனில் நாங்கள் மூன்று தோட்டங்களைச் சுற்றினோம். மைக்கைப் பிடித்தது அக்கா. "தாய்மார்களே, அண்ணன்மார்களே! நாளைக்கு ஞாயித்துக்கெழம, புது மணி அஞ்சுக்கு, பாலத்தடிக் கடைத்தெருவுல பெரட்டு! பழைய மணி இல்ல, புது மணி! ஒருத்தர் விடாம வந்துருங்க!" குரல் என்னவோ கணீரென்றுதான் இருந்தது. ஒவ்வொரு தோட்டத்தையும் விட்டு வெளியே வந்ததும் "வருவாங்களாடி?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? வருவார்கள் என்றேன்.

மூணு கல் தோட்டம் என்று ஒன்று. அங்கே ரப்பர்ப் பால்மரம் சீவும் பாப்பாத்தி என்பவள், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வேனுக்குப் பக்கத்தில் வந்தாள். "ஏக்கா, அஞ்சுக்கேவா? ஞாயித்துக்கெழம கூடத் தூங்க விட மாட்டீங்களா?" என்றாள்.

"ஒரு நாளு தூங்கலன்னா என்ன கொறஞ்சு போச்சு? வந்துரு பாப்பா!" என்றாள் அக்கா.

மத்தியானத் தூக்கத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து வேனில் நாங்கள் சிரித்துக்கொண்டே வந்தோம். என்ன சோம்பேறித்தனம் என்றுகூட நான் சொன்னேன்.

கடைக்கு மேலேதான் அக்காவின் வீடு. ஞாயிறு விடியுமுன், இன்னும் கும்மிருட்டாக இருக்கும்போதே, கீழே லோரிச் சத்தம் கேட்டு விழித்தேன். அக்கா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "வந்துட்டாருடி. விடியறதுக்குள்ள வந்துட்டாரு. சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியல அந்த மனுசனுக்கு" என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கு அத்தான் மேல் அப்படி ஒரு ஆத்திரம். நாலு கேள்வி கேட்கலாம் என்று ஜன்னலைத் திறந்தேன்.

அத்தான் இல்லை. தெரு முழுக்க ஜனம். தோட்டத்து லோரிகள் பாலத்துப் பக்கம் ஆட்களை இறக்கிவிட்டுக் கொண்டிருந்தன. சைக்கிள்களில் வந்தவர்கள், நடந்து வந்தவர்கள், இடுப்பில் தூங்கும் பிள்ளையோடு வந்தவர்கள், எல்லோர் கையிலும் டார்ச் விளக்கு. முந்நூறு பேருக்குக் குறையாது. எல்லோரும் வரிசையில் நின்றார்கள்! பூட்டிக் கிடந்த கடைகளைப் பார்த்தபடி, தோட்டம் தோட்டமாக, பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். யாரும் அவர்களை அப்படி நிற்கச் சொல்லவில்லை. பெரட்டு என்று கூப்பிட்டால் அவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

"இன்னும் பேரு கூப்பிடலியா? யாருப்பா தண்டல்?" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

அக்கா என்னைத் தள்ளிவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினாள். "ஐயோ, சாயங்காலம்! சாயங்காலம் அஞ்சு மணிக்குன்னுல்ல சொன்னேன்!"

"சாயங்காலம் எவன்க்கா பெரட்டு வச்சான்?" என்று முன் வரிசையில் இருந்து பாப்பாத்தி கத்தினாள். தெருவே சிரித்தது. ஒருவர் கைக்கடிகாரத்தின் மேல் டார்ச்சை அடித்து, "புது மணி அஞ்சுதானே தங்கச்சி இது?" என்று மரியாதையாகக் கேட்டார். புது மணி ஐந்துதான். ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, "வந்தவங்கள இனிமே திருப்பி அனுப்ப முடியுமா? வாடி, தெறடி கடைய!" என்று செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

அந்த நேரத்தில் தெருவில் அடுப்பு மூட்டியிருந்தவர் அமீது நானா ஒருவர்தான். கடைக்கு வெளியே வந்து பார்த்துவிட்டு, "யா அல்லா, முப்பது பேருக்குத்தான் மாவு பெசஞ்சிருக்கேன்லா!" என்று மறுபடி உள்ளே ஓடினார். பனியனும் அரைக்கால் சட்டையுமாகத் தவுக்கே கதவை ஒரு சாண் திறந்து, "தனம், ஆப்பா இனி? பெராங்கா?" என்று மலாயில் கேட்டார். என்ன இது, போர் வந்துவிட்டதா என்று அர்த்தம். "பெராங் இல்ல தவுக்கே, பெரட்டு! கடையத் தெறங்க!" என்றாள் அக்கா.

திறந்த கடைகளோ ஏழெட்டு. மொத்தக் கூட்டமும் ஒரே கதவில் விழுந்தால் என்ன ஆவது? அக்கா ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறி நின்று, உண்மையிலேயே தண்டல் மாதிரி வேலை பிரிக்க ஆரம்பித்தாள். "மூணு கல் தோட்டம், துணிக்கடை! பழைய பங்களா தோட்டம், நானா கடையில பசியாறுங்க! ஆத்தோரத் தோட்டம், தவுக்கே கடை! முடிச்சவங்க மாறிக்குங்க!" அவர்களும் சிரித்துக்கொண்டே, ஆனால் வரிசை கலையாமல் பிரிந்து போனார்கள். மற்றக் கடைக்காரர்களின் வீடுகளுக்கு ஆள் ஓடியது. சாவிக் கொத்தோடு ஒவ்வொருவராக வந்து கதவைத் தூக்கினார்கள். கோயில் விளக்குச் சரத்தையும் யாரோ போட்டுவிட்டார்கள்.

நான் சேலை மடித்தே களைத்துப் போனேன். புத்தாண்டுக்குத் துணி எடுக்க வேண்டியிருந்ததால் நிற்க நேரமில்லை. நடுவில் பாப்பாத்தியிடம், "சாயங்காலம் வெச்சிருந்தா வந்திருப்பீங்களா?" என்று கேட்டேன். "சாயங்காலம் யாரு வருவா? துணி தொவைக்கணும், மறுநா வேலைக்குச் சமைச்சு வைக்கணும். காலைல ஒடம்பு தானா எந்திரிச்சிருதுலா. எந்திரிச்சுட்டு ஞாயித்துக்கெழம என்ன பண்றதுன்னுதான் தெரியாது" என்றாள். அப்போது அந்தப் பதிலை நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் எடுத்த ரவிக்கைத் துணிக்குச் சரியான நூல் தேடிக்கொண்டிருந்தேன்.

வெளுத்த பிறகுதான் அத்தான் வந்தார். ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். லோரியைத் தெருவுக்குள் கொண்டுவர இடமில்லை. பாலத்தருகே நிறுத்திவிட்டு, சாமான் கட்டக் கொண்டுவந்த கயிற்றையும் தார்ப்பாயையும் தோளில் போட்டபடி கூட்டத்துக்குள் நடந்து வந்தார். கடை வாசலில் நின்று பார்த்தார். அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அந்தக் கயித்தப் போட்டுட்டு வந்து கத்திரியப் புடிங்க. ரெண்டரை கஜம், பாவாடைத் துணி" என்றாள். அவரும் அப்படியே செய்தார்.

பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறியது, தெரு காலியானது. நானா கடையில் ஒரு பிடி மாவு இல்லை. தவுக்கே கடையில் மண்ணெண்ணெய் அடுப்பு, வாளி, சைக்கிள் டியூப் எல்லாம் போய்விட்டன.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, அழைப்பிதழில் போட்டபடி, விழா ஆரம்பமானது. நாற்காலிகளில் எட்டுப் பேர். அதில் இருவர் தவுக்கேயின் பிள்ளைகள். சிங்கம் வந்து ஆடிவிட்டுப் போனது. தலைமையாசிரியர் நகர மேம்பாட்டில் பொதுமக்களின் பங்கைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பொதுமக்கள் தோட்டத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். விழா தோல்வி என்று குழுவில் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "மேடைக்கு ஆள் வரல. கடைக்கு வந்தாங்களா இல்லியா? பேசாம மாசா மாசம் காலைலயே வைங்கலா" என்றார் அமீது நானா. அதோடு முடிந்தது கூட்டம்.

நாற்காலிகளை அடுக்கியபோது அத்தான் அக்காவிடம் கேட்டார். "என்ன தனம், ஏத்தவா, வேணாமா?"

"என்னத்த ஏத்த? துணியெல்லாம் போயிருச்சு, அலமாரிய வேணா ஏத்துங்க" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "அடுத்த பெரட்டுக்குக் கிள்ளான்ல இருந்து சரக்கு ஏத்திட்டு வாங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பாலத்தடியில் இன்றும் மாதத்தின் முதல் ஞாயிறு காலை தெரு நிறைந்திருக்கிறது. தோட்டங்களில் இப்போது பெரட்டுக் களமே இல்லை. வருபவர்களில் மலாய்க்காரர்கள், சீனர்கள், ஈப்போவில் இருந்து கார் போட்டு வருபவர்கள் என்று எல்லோரும் உண்டு. முதல் நாளே வந்து பீடோரிலோ தெலுக் இந்தானிலோ தங்கிவிடுங்கள். நான் சொன்ன கட்டணத்தையெல்லாம் நம்பாதீர்கள், அதெல்லாம் அந்தக் காலத்துக் கணக்கு. ஆறு மணிக்குள் போனால் ரொட்டி கிடைக்கும், ஒன்பதுக்கு மேல் போனால் வெயில்தான் கிடைக்கும். செத்துப்போன கடைத்தெருவை உயிர்ப்பிக்க என்ன செய்யலாம் என்று நகராண்மைக் கழகத்து ஆட்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வரவேண்டியவர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள் என்கிறேன். அவர்களுக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை. மேடை எங்கே போடுவது என்றுதான் கேட்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை நான் திரும்பியது அத்தானின் லோரியில், பீடோர் வரை. பின்னால் காலி லோரி, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தடதடவென்று அடித்தது. நான்தான் ஆரம்பித்தேன்.

"வருத்தமா அத்தான்?"

"வருத்தந்தான்லா. வாடகை ரூம்ல தனியா சமைச்சுத் தின்னு பாரு, தெரியும்" என்றார்.

செம்பனைக் காடு ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது. அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "நேத்துப் பாலத்துக்கிட்ட லோரிய நிறுத்தும்போதே அவ சத்தம் கேட்டுச்சு. எவளையோ வரிசையில நில்லுன்னு அதட்டிக்கிட்டிருந்தா. கல்யாணமான புதுசுல என்னையும் அப்படித்தான் அதட்டுவா. கடை படுத்ததுலேருந்து ஒரு சத்தமில்ல. போன்ல கூப்பிட்டா 'ம்', 'சரி', அவ்வளவுதான். நான் கிள்ளானுக்குக் கூட்டிட்டுப் போக நெனச்சது நேத்து கத்துனாளே, அவள. 'ம்' சொல்றவளக் கூட்டிட்டுப் போயி நான் என்ன பண்றது?"

பீடோர் பஸ் நிறுத்தத்தில் இறங்கினேன். பையை எடுத்துக் கொடுத்தார். "அடுத்த மாசம் வருவீங்கதானே?" என்றேன்.

"வராம? பெரட்டுக்கு வரலன்னா பேர வெட்டிருவாளே" என்று சொல்லிவிட்டு, காலி லோரியைக் கிள்ளான் பக்கம் திருப்பினார்.